மருந்தறிஞர் சுப்பாராவ்

கோவில்பட்டியைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் நாடு. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அம்மண், ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்ததும் குழைந்து நீரைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தை நம்பியே பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் அங்கே விளைகின்றன. ஆற்றுப் பாசனம் அறியாத அந்த மானாவாரிச் சீமையில் மருந்துப் பயிர்களும் உண்டு. திருநெல்வேலியின் பெயராலேயே உலகச் சந்தையில் வழங்கும் நிலாவிரை ஒன்று. நித்திய கல்யாணி மற்றொன்று. வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் ஆண்டு முழுவதும் பூக்கும் நித்திய கல்யாணியை ஆடுமாடுகள் தீண்டுவதில்லை. கேட்பாரற்ற இடங்களிலும் தானே முளைத்துப் பூப்பதால் சுடுகாட்டுப் பூ என்று இகழ்ந்தவர்களும் உண்டு. இன்றோ தென்மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் உழவர் இதனை விதைத்து வளர்த்து, இலையையும் வேரையும் உலர்த்தி விற்கின்றனர். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கு மருத்துவர் செலுத்தும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து இச்செடியின் இலையிலிருந்தே பிரித்தெடுக்கப்படுகிறது.

அம்மருந்து ஒன்றே அக்குழந்தையைக் காத்துவிடாது. அதனோடு சேர்த்து வேறு மருந்துகளும் கொடுக்க வேண்டும். அவற்றுள் மெத்தோடிரெக்சேட் என்பது எந்தச் செடியிலிருந்தும் கிடைப்பதன்று. இயற்கை படைத்த ஓர் உயிர்ச்சத்தின் அமைப்பைச் சிறிதே மாற்றி வேதியியலார் தம் கூடத்தில் ஆக்கிய பொருள் அது. நித்திய கல்யாணியின் புற்றெதிர்க்கும் குணம் 1958இல் வெளிப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்னரே இம்மருந்து பிறந்துவிட்டது. அதனை ஆக்கிய குழுவினருக்குத் தலைவராக விளங்கியவர், பழைய சென்னை மாகாணத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் கற்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், இன்றைய ஆந்திர மாநிலத்திலுள்ள பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகன்னாதம் வருவாய்த்துறையில் சிறு பதவி வகித்தவர். நோய்வாய்ப்பட்டுக் காலத்துக்கு முன்பே வேலையை விட்டவர். பிள்ளைகள் எழுவருள் சுப்பாராவ் நான்காமவர். வீட்டில் வறுமை குடிகொண்டிருந்தது. பதின்மூன்றாம் வயதில் அச்சிறுவனுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பெரும்பொருள் ஈட்டலாம் என்று கருதி, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் புறப்பட்டுவிட்டான். தாயார் வெங்கம்மா அவனை மீட்டு வந்து மறுபடியும் பள்ளியில் உட்கார வைத்தார். அதன் பிறகும் படிப்பு எளிதில் ஓடவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரு முறை தோல்வி. 1913இல் தந்தையார் மறைந்தார். தாயார் தம் நகைகளை விற்றுப் பணம் தந்தார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை எழுதித் தேறினார் சுப்பாராவ். தேர்வில் தோற்ற பிள்ளையைக் கண்டு ஊரார் என்ன பேசியிருப்பர் என்பதை ஊகிப்பது அரிதன்று. தாயார் அதற்குச் செவிகொடுக்கவில்லை.

மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்புப் பயின்ற காலத்தில் அவர் மனம் துறவின்பால் திரும்பியது. இராமகிருஷ்ண மடத்தை நாடினார். தாயார் இசையவில்லை. மடத்துப் பெரியோர்களும், மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டு புரிவதே தக்கது என்று அறிவுறுத்தினர். அவ்வாறே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919இல் சேஷகிரி என்னும் நங்கையை மணந்தார். மாமனாரின் பொருளுதவி படிப்புக்குத் துணை செய்தது.

அந்நியத் துணியை விலக்குமாறு காந்தியடிகள் நாட்டை அழைத்த காலம் அது. சுப்பாராவ் அறுவைக்கூடத்துக்குக் கதர் அங்கி அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் அதனை விரும்பவில்லை. படிப்பு முடிந்தபோது சுப்பாராவுக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். பட்டமன்று, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே. அரசு மருத்துவப் பணியின் கதவு அதனால் அடைபட்டது.

அவ்வாண்டுகளில் அவர் குடும்பத்தில் விழுந்த இடி இதனினும் பெரிது. வெப்ப நாடுகளில் அக்காலத்தே மிகுந்திருந்த ஸ்ப்ரூ என்னும் நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டு சென்றது. நம் நாட்டு வைத்தியர் கிரகணி என்று கூறுவது பெரிதும் இதனையே. குடல் உணவின் சத்தை ஏற்காது, ஓயாத பேதியால் உடல் தேயும், இரத்தம் வெளிறும். இந்நோய் சுப்பாராவையும் பற்றியது. ஆயுர்வேத அறிஞர் ஆசண்ட இலட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் பிழைத்தெழுந்தார். பின்னர் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார். ஆனால் தம்மைப் பிழைப்பித்த மருந்தில் இருந்தது யாது, உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்குக் காரணம் யாது என்னும் வினாக்கள் அவரை விடவில்லை. அவற்றுக்கு விடை காணும் வசதி அன்று இந்நாட்டில் இல்லை.

1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். காக்கிநாடாவைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையும் மாமனாரும் வழிச்செலவுக்கு உதவினர். மூன்று ஆண்டில் திரும்பிவிடுவதாக மனைவியிடம் கூறிச் சென்றவர் மீண்டும் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவேயில்லை. அவர் சென்ற பின் பிறந்த ஆண்மகவு குழவிப் பருவத்திலேயே இறந்தது. தந்தை அதன் முகத்தைக் கண்டாரில்லை. அவருடைய புகழைப் பேசும்போது, ஊரில் காத்திருந்த சேஷகிரி அம்மையார் செலுத்திய விலையையும் மறத்தல் நன்றன்று.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து வெப்பநாட்டு நோய்ப் பள்ளியில் சேர்ந்தார். உணவுக்கும் உறையுளுக்கும் ஒரு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைத் துப்புரவு செய்வதும் அவ்வேலையுள் அடங்கும். மருத்துவம் கற்றவர் அதனை இழிவாகக் கருதவில்லை. பின்பு சைரஸ் ஃபிஸ்க் என்னும் உயிர்வேதியியல் ஆசிரியரிடம் சேர்ந்தார். உடலின் நீர்மங்களில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என அளந்தறியும் எளிய முறை ஒன்றை இருவரும் 1925இல் வெளியிட்டனர். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்னும் பெயருடன் அது உலகெங்கும் பரவியது. மாணவர் பல தலைமுறையினர் அதனைக் கற்றுள்ளனர். அந்த அளவுகோலைக் கொண்டே தசையினுள் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளை 1927இல் கண்டனர். 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் பிரித்துக் காட்டினர். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் அதனைத் தனியே கண்டார். ஓடும் கால், துடிக்கும் இதயம், எண்ணும் மூளை ஆகிய எதற்கும் ஆற்றலை நல்கும் நாணயம் போன்றது அப்பொருள். 1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் நிலையான பதவி அவருக்குக் கிட்டவில்லை.

1940இல் அவர் நியூயார்க் மாநிலத்துப் பெர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்துக் கூடத்துக்குச் சென்றார். விரைவிலேயே அதன் ஆராய்ச்சித் துறை முழுவதற்கும் இயக்குநரானார். அதுவரை தம் கையாலேயே குடுவை பிடித்து ஆராய்ந்தவர், இனிப் பலருடைய கைகளை ஒருமுகப்படுத்த வேண்டியவரானார். இதனைச் சிலர் அலுவல் வேலை என்று தாழ்வாக எண்ணுவர். உண்மை வேறு. கோவில்பட்டியில் 1901இல் ஏற்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கருங்கண்ணிப் பருத்தியின் நல்வகைகள் வெளிவந்தன. ஒரு வகை உருவாகப் பல ஆண்டு ஆகும். செடியைத் தெரிந்தெடுப்பவர், மண்ணை ஆராய்பவர், பூச்சியை அறிந்தவர், பஞ்சின் இழையை அளப்பவர் எனப் பலர் வேண்டும். ஒருவர் கண்டது மற்றவருக்குப் போய்ச் சேராவிட்டால் அத்தனை உழைப்பும் பயனற்றுப் போகும். மருந்துக் கூடத்திலும் இதுவே நிலை.

சுப்பாராவ் எடுத்துக்கொண்ட பெரும்பணி, இரத்தத்தை ஊறச் செய்யும் ஓர் உயிர்ச்சத்தைத் தேடுவது. அதன் தடம் முதலில் தென்பட்டது நம் நாட்டில்தான். பம்பாயில் சத்துக் குறைந்த உணவை உண்டு வெளிறிப்போன கருவுற்ற பெண்களுக்கு ஈஸ்டின் சாறு கொடுத்தால் இரத்தம் தேறுகிறது என்று லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1931இல் எழுதினார். 1941இல் அமெரிக்க அறிஞர் சிலர் நான்கு டன் கீரையை அரைத்து வடித்து அதே தன்மையுள்ள சத்தைச் சிறிதளவு பெற்றனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். பெயர் கிடைத்ததே ஒழியப் பொருளின் அமைப்பு விளங்கவில்லை. கீரையிலும் ஈரலிலும் அது இருந்த அளவு மிகச் சிறிது. அதனை வைத்துக்கொண்டு நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க இயலாது.

சுப்பாராவ் தம் குழுவைப் பல கிளைகளாகப் பிரித்தார். ஒரு சாரார் ஈரலிலிருந்து சத்தை வடித்தனர். மற்றொரு சாரார் அதே போன்ற சத்தைச் சுரக்கும் பாக்டீரியாவை வளர்த்தனர். வேறு சிலர், அச்சத்து இருந்தாலன்றி வளராத லாக்டோபேசில்லஸ் என்னும் நுண்ணுயிரைக் கொண்டு, வடித்த நீரில் சத்து எவ்வளவு என்று அளந்து கூறினர். வேதியியலார் அதனைத் துண்டு துண்டாக உடைத்து, இன்னின்ன உறுப்புகளால் ஆனது என்று கண்டு, அவற்றை மீண்டும் பொருத்திப் பார்த்தனர். 1945இல் வெற்றி கிட்டியது. ஈரலிலிருந்து பெற்ற சத்தும் குடுவையில் ஆக்கிய சத்தும் ஒன்றே என்பது உறுதிப்பட்டது. அதனை உலகுக்கு அறிவித்த கட்டுரையின் தலைப்பில் பதினாறு பெயர்கள் இருக்கின்றன. இயக்குநரின் பெயர் அவற்றுள் ஏழாவதாக நிற்கிறது.

செயற்கையில் செய்ய முடிந்ததும் ஃபோலிக் அமிலம் வேண்டிய அளவு கிடைத்தது. கியூபா முதலிய வெப்ப நாடுகளில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். நாவின் புண் ஆறியது, பேதி நின்றது, இரத்தம் ஊறியது. உடன்பிறந்தார் இறந்து கால் நூற்றாண்டு சென்ற பின் சுப்பாராவ் அந்நோயின் மருந்தைக் கண்டார். இந்தியப் பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் கொடுக்கப்படும் நீல நிற மாத்திரையில் இரும்புச் சத்தோடு கலந்திருப்பது இந்த ஃபோலிக் அமிலமே. கருவுற்ற தாய்மார்க்கும் இதனைக் கொடுக்கின்றனர். கருவிலிருக்கும் குழவியின் முதுகுத்தண்டு குறையின்றி அமைவதற்கு இது இன்றியமையாதது.

இனிக் கூறப்போவது சற்றே வியப்பானது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் நோய்க்கூற்று அறிஞர் இருந்தார். இரத்தப் புற்றால் இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்து ஆராய்ந்து மனம் நொந்தவர் அவர். அந்நாளில் அந்நோய்க்கு மருந்தே இல்லை. சில வாரங்களிலோ மாதங்களிலோ முடிவு வந்துவிடும். இரத்தத்தைத் தேற்றும் ஃபோலிக் அமிலம் இந்நோயிலும் பயன்படலாம் என்னும் நம்பிக்கையோடு, லெடர்லியில் செய்த அதன் இனப்பொருள்களை அவர் சில குழந்தைகளுக்குக் கொடுத்தார். பயன் எதிர்மாறாக இருந்தது. புற்றணுக்கள் முன்னிலும் விரைந்து பெருகியதாக அவருக்குத் தோன்றியது.

வேறொருவராயின் அத்துடன் கைவிட்டிருப்பர். ஃபார்பர் அத்தோல்வியை வேறு விதமாகப் படித்தார். சத்தைக் கொடுத்தால் புற்று வளருமாயின், சத்தைத் தடுத்தால் அது பட்டினியால் அடங்க வேண்டும் அன்றோ? தடுக்கும் பொருளுக்கு அவர் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தின் உறுப்புகளை மாற்றி மாற்றிப் பற்பல பொருள்களை முன்னமே ஆக்கத் தொடங்கியிருந்தனர். அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். ஃபோலிக் அமிலத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை மிகச் சிறிது. ஓரிடத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய நிலையில் நைட்ரஜன் தொகுதி ஒன்று இருக்கிறது. உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமாயின் தன் மரபுப் பொருளைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அமினோப்டெரின் அதன் உருவில் வந்து, அதற்குரிய நொதியின் இடத்தைப் பற்றிக்கொள்கிறது. பூட்டுக்குள் நுழைந்து திரும்பாமல் சிக்கிக்கொண்ட கள்ளச்சாவி போன்றது அதன் செயல். நிறுத்தமின்றிப் பெருகும் புற்றணுவே இதனால் மிகுதியும் தாக்குண்கிறது. குடலின் உட்தோலும் மயிர்க்கால்களும் விரைந்து வளர்வனவாதலால் அவையும் ஓரளவு துன்புறும். வாய்ப்புண்ணும் முடியுதிர்தலும் அதனால் வருவனவே.

1947ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் இம்மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார். 1948 சூன் திங்களில் அவர் வெளியிட்ட கட்டுரையில் பதினாறு குழந்தைகளின் நிலை கூறப்பட்டது. அவர்களுள் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. வீங்கிய வயிறு வற்றியது. படுக்கையில் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடினர். ஆயினும் அந்தத் தணிவு நிலைக்கவில்லை. சில திங்களில் நோய் திரும்பி வந்தது. மருத்துவர் பலர் இதனை நம்ப மறுத்தனர். சாகும் குழந்தையை மேலும் வருத்துவது முறையன்று என்றும் சிலர் கடிந்தனர். அவர்கள் கவலையும் முற்றும் புறந்தள்ளத் தக்கதன்று. ஆனால் மருந்தால் இரத்தப் புற்றைச் சிறிது காலமேனும் அடக்க முடியும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. அமினோப்டெரினினும் கையாள எளிதான மெத்தோடிரெக்சேட்டும் அதே கூடத்திலிருந்து வந்தது.

சுப்பாராவின் கூடத்திலிருந்து வந்தவை இவை மட்டுமல்ல. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் 1947இல் வெளிவந்தது. டை எத்தில் கார்பமசின் என்னும் பெயரில் அது பின்னர் இந்திய அரசின் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் கோடிக்கணக்கான மக்களுக்கு வழங்கப்பட்டது.

மற்றொன்றின் கதை மண்ணைப் பற்றியது. கரிசல் காட்டில் முதல் மழை விழுந்ததும் எழும் மணத்தைக் கோவில்பட்டிப் பக்கத்தார் நன்கு அறிவர். அம்மணத்துக்குப் பெரிதும் காரணம் மண்ணுள் வாழும் ஸ்டிரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர்க் கூட்டம். இக்கூட்டத்தைச் சேர்ந்த சில, பிற கிருமிகளைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றைத் தேடும் பணியைச் சுப்பாராவ், பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெஞ்சமின் டக்கர் என்னும் முதியவரிடம் ஒப்படைத்தார். எழுபது வயதைக் கடந்தவருக்கு வேலை கொடுக்க வேறு எந்த இயக்குநரும் தயங்கியிருப்பார். டக்கர் பல இடத்து மண்ணையும் வரவழைத்து ஆராய்ந்தார். மிசௌரி மாநிலத்து வயல் ஒன்றன் மண்ணில் பொன்னிறமான நுண்ணுயிர் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து பெற்ற ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுள் முதலாவது. 1948இல் அது மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. 1946 வரை இந்தியர் அமெரிக்கக் குடிமக்களாகச் சட்டம் இடந்தரவில்லை. இடந்தந்த பின்னும் அவர் குடியுரிமை பெற்றாரில்லை. கூடத்தின் வெற்றிகள் அறிவிக்கப்படும் கூட்டங்களில் அவர் முன்வரிசையில் நிற்பதைத் தவிர்த்தார். கண்டவரே பேசட்டும் என்று ஒதுங்கினார். அந்த அடக்கம் அவர் பெயரை உலகம் மறப்பதற்கும் ஒரு காரணமாயிற்று என்றே கூற வேண்டும்.

மருந்துகள் அவரை விட நெடிது வாழ்ந்தன. 1956இல் மின் சியு லீ, ராய் ஹெர்ட்ஸ் என்னும் மருத்துவர்கள், கருப்பையில் தோன்றும் ஒரு வகைப் புற்றை மெத்தோடிரெக்சேட் ஒன்றாலேயே அடக்கிக் காட்டினர். இரத்தப் புற்றில் ஒரே மருந்தை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1960களில் உருவானது. நித்திய கல்யாணியின் இலைச்சத்து மெத்தோடிரெக்சேட்டோடு கைகோத்தது அப்போதுதான். செல்வ நாடுகளில் இன்று குழந்தைகளைப் பெரிதும் பற்றும் வகை இரத்தப் புற்று கண்ட பதின்மரில் ஒன்பதின்மர் அளவில் பிழைக்கின்றனர். நோயைக் காலத்தில் கண்டறிதலும், ஆண்டுக்கணக்கில் இடைவிடாது மருந்து பெறுதலும் அரிதாயுள்ள நாடுகளில் அந்த எண்ணிக்கை இன்னும் குறைவு. கீல்வாத நோயாளிகளுக்கும் மெத்தோடிரெக்சேட் சிறிய அளவில் கொடுக்கப்படுகிறது.

இந்திய அரசு 1995இல், அவர் பிறந்து நூறு ஆண்டு நிறைந்ததை ஒட்டி, அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. அதற்கு முன்பே, 1953இல், ஹெசல்டைன் என்னும் அமெரிக்கக் காளான்நூல் அறிஞர், கழிவுநீரை வடிகட்டும் கற்படுகையில் கண்ட புதிய பூஞ்சை ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் சூட்டினார்.